வீட்டுப் பானையில் விளைந்த நறும்பிழி

(கல்கத்தாவில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நம் அன்பர் ஒருவரின் மகன், அயல்நாட்டில் சில ஆண்டுகள் படித்துவிட்டுத் திரும்பியவன், ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்து, நான் ரசாயனம் கற்பித்தவன் என்ற உரிமையினால், குறைந்த செலவில் வீட்டிலேயே நல்ல பீர் காய்ச்சுவது எப்படி என்று கேட்டான். அவன் கையில் ஒரு கணக்குத் தாள் இருந்தது. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்திய மால்ட், ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, சுத்தமான ஈஸ்ட், கண்ணாடிச் சாடிகள், வெப்பத்தை அடக்கி வைப்பதற்கு ஒரு பழைய குளிர்ப்பெட்டி என்று வரிசையாக எழுதி, அவற்றின் விலைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தொகைக்குக் கடையிலேயே ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கிவிடலாமே என்று மனம் சோர்ந்திருந்தான். இந்த மாநிலத்தில் அனுமதியின்றி மது உண்டாக்குவது சட்டப்படி குற்றம் என்பதை முதலில் அவனுக்குச் சொன்னேன். ஆனால் அதனோடு அவனை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அவன் கேட்ட கேள்விக்கு இந்த வங்காள மண்ணில் மிகப் பழையதும் மிகச் சிறந்ததுமான ஒரு விடை உண்டு என்பதையும், அந்த விடை நம்முடைய பழந்தமிழ் நூலொன்றில் ஏறக்குறைய முழுமையாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நான் என் வாழ்நாளின் பிற்பகுதியில்தான் அறிந்தேன். அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கல்கத்தாவுக்கும் பீருக்கும் உள்ள சம்பந்தம் சாமானியமானதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் லண்டனுக்குக் கிழக்கே பிளாக்வால் துறையிலிருந்து புறப்பட்ட காலத்தில், அதற்கு அருகே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்ஸன் என்பவருடைய மதுச்சாலை இருந்தது. கப்பல் தலைவர்கள் தங்கள் சொந்த வியாபாரத்திற்காக அவரிடம் நெடுநாள் தவணையில் பீப்பாய்களைக் கடனாக வாங்கி ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதங்கள் கடலில் மிதந்து ஹூக்ளி நதிக்குள் வந்து சேர்வார்கள். ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்த அந்த வெளிறிய பானம் இவ்வூர்த் துரைமார்களின் மேசையில் இடம்பெற்று, அந்த வியாபாரத்தின் லாபத்தைக் கண்டு, 1822 வாக்கில் பர்ட்டன் நகரத்து ஆல்ஸப் என்பவரும் போட்டிக்கு இறங்க, ஜிப்ஸம் கலந்த பர்ட்டன் கிணற்று நீர் அந்த பீருக்குத் தனிச் சுவை தந்ததனால், பின்னாளில் உலகெங்கும் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் பெற்றது. இன்று அமெரிக்காவில் ஓர் இளைஞன் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கோப்பை கேட்கும்போது, தான் அறியாமலேயே இந்தக் கல்கத்தாத் துறைமுகத்தை நினைக்கிறான்.

பீர் வந்தது போதாதென்று, அதைக் குளிரவைக்கும் பனிக்கட்டியும் வந்தது. பாஸ்டனிலிருந்து சுமார் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்ட டஸ்கனி என்ற கப்பல், அதில் சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியிருக்க, 1833ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கே வந்து நங்கூரமிட்டது. அந்த வியாபாரத்தை நடத்திய பிரெடரிக் டியூடரின் பனிக்கட்டிக்காகச் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸில்தான், இந்த நகரத்தில் பிறந்த விவேகானந்தர் 1897இல் தங்கினார் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரத் தோன்றுகிறது.

இவ்வளவு சிரமம் எதற்காக? வாற்கோதுமை பீர் குளிர்நாட்டுக் குழந்தை. அதை ஆக்கும் ஈஸ்ட், பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ள வெப்பத்தில்தான் மணமும் சுவையும் கெடாமல் தன் வேலையைச் செய்யும். வைகாசி மாதத்துக் கல்கத்தாவில் அதைத் திறந்த அறையில் விட்டால், குடிக்கத் தகாத நாற்றங்களையும் சேர்த்தே உண்டாக்கிவிடும். அதனால்தான் இந்நாட்டிலேயே பீர் காய்ச்ச முற்பட்ட ஆங்கிலேயர்கள் சமவெளியைக் கைவிட்டுக் கசௌலிக்கும் மரீக்கும் நம் நீலகிரிக்கும் மலையேறினார்கள். என் இளம் நண்பனுடைய கணக்குத் தாளில் எழுதியிருந்த குளிர்ப்பெட்டி, அந்த மலைகளுக்கு அவன் தேடிய பதிலியன்றி வேறல்ல. ஊரின் தட்பவெப்பத்தோடு போராடி ஆக்கும் உணவு எதுவாயினும் அதற்குச் செலவு மிகும். ஊரின் தட்பவெப்பமே சமைத்துத் தரும் உணவுக்கு அந்தச் செலவில்லை. தை மாதத்தில் இந்த ஊரிலுள்ள நம் வீட்டுப் பெண்கள் இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்துவிட்டு, பொங்கவில்லையே என்று விடியற்காலையில் திறந்து திறந்து பார்க்கிறார்கள். சித்திரையில் அதே மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. நொதித்தல் என்னும் விஷயத்தில் ஊரும் பருவமும் எவ்வளவு முக்கியம் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, அரிசியிலிருந்து பீர் எப்படி உண்டாகும் என்பதைச் சற்றுப் பொறுமையோடு பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கும் இடத்தில் ஈஸ்ட் தானே வந்து குடியேறும். இந்த வங்காளத்தில் மார்கழி தை மாதங்களில் ஈச்சமரத்திலிருந்து இறக்கும் பதநீரை விடியலில் குடித்தால் தேன்போல் இனிக்கிறது. காய்ச்சினால் நாம் எல்லோரும் ஆசையோடு வாங்கும் நொலேன் குட் என்னும் வெல்லமாகிறது. ஒன்றும் செய்யாமல் நண்பகல்வரை வைத்தால் கள்ளாகிவிடுகிறது. அங்கே மனிதன் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஆனால் அரிசியில் இருப்பது சர்க்கரையல்ல, மாச்சத்து. அதை ஈஸ்ட் தொடாது. மாச்சத்தை முதலில் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஐரோப்பியர் அந்த வேலையை முளைக்கும் தானியத்திடமே ஒப்படைத்தார்கள். விதை முளைவிடும்போது தன் குருத்துக்கு ஊட்டுவதற்காக மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைச் சுரக்கிறது, அந்தத் தருணத்தில் அதை உலர்த்தி இடித்துக்கொண்டால் அதுவே மால்ட். தென்னமெரிக்கப் பழங்குடியினர் மக்காச்சோளத்தை வாயிலிட்டு மென்று, உமிழ்நீரிலுள்ள நொதியினால் அதே காரியத்தைச் சாதித்தார்கள். ஆசியாவின் கிழக்குப் பாகமும் நம் நாட்டின் கிழக்குப் பாகமும் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தன: பூஞ்சணத்தை வேலைக்கு அமர்த்துவது. சோற்றின்மீது படர்ந்து மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் பூஞ்சணத்தையும், அந்தச் சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்டையும், புளிப்பைத் தந்து மற்றக் கிருமிகளை அண்டவிடாத தயிர்க்கிருமிகளையும் ஒரே மாவு உருண்டையில் ஒன்றாக வாழவைத்து, உலர்த்தி, உறியில் கட்டி வைத்து, வேண்டும்போது பொடித்துத் தூவுகிற அந்தக் கலை, என் அபிப்பிராயத்தில், மனிதன் செய்த பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. பாஸ்டர் பீரைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டது 1876இல். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, எழுத்தறியாத பெண்கள் நுண்ணுயிர்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள்.

அந்த உருண்டைக்கு டார்ஜிலிங் மலையில் மார்ச்சா என்று பெயர். அங்கே அதைக் கேழ்வரகில் கலந்து நொதிக்கவைத்து, மூங்கில் குவளையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுகிறார்கள். தோங்பா என்பது அதன் பெயர். நம் கேழ்வரகு இமயமலைக் குளிரில் இப்படியொரு பிறவி எடுத்திருப்பதை நான் முதல்முறை பார்த்தபோது வியந்து நின்றேன். சமவெளியில் சந்தால்களும் முண்டாக்களும் பிற பழங்குடியினரும் வாழும் பீர்பூம், பாங்குரா, புருலியா, மேதினிபூர், ஜார்கிராம் பகுதிகளில் அதற்குப் பாக்கர் என்று பெயர். ரானு என்றும் சொல்வர். அதனால் ஆகும் பானம் ஹாண்டியா. ஹாண்டி என்றால் பானை. பானையில் விளைவதனால் அதற்கு அப்பெயர். சந்தால்கள் தங்கள் மொழியில் ஹண்டி என்பார்கள்.

சாந்திநிகேதனத்திற்கு அப்பால், கோபாய் நதியைத் தாண்டி, செம்மண் சுவரில் கருநீலப் பூச்சிட்டு மெழுகிய சந்தால் வீடொன்றில், ஒரு பங்குனி மாதத்தில், அந்த வீட்டு மூதாட்டி ஹாண்டியா ஆக்குவதை ஆரம்பத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவரை நான் திதி என்று அழைத்தேன். அவர் என்னைப் பாபு என்றார்.

காலையில் மோட்டா அரிசியை, அதாவது பருமனான புழுங்கலரிசியை, கஞ்சி மிகாமல் விறைப்பாக வேகவைத்து, பனையோலைப் பாயில் பரப்பினார். சூடு ஆறும்வரை அவர் அதைத் தொடவில்லை. புறங்கையை அவ்வப்போது சோற்றின்மேல் வைத்துப் பார்ப்பார். சூடு புறங்கைக்கு உறைக்காத நிலைக்கு வந்த பிறகே அடுத்த வேலை. வெப்பமானி இல்லாத அந்த வீட்டில் அந்தப் புறங்கைதான் கருவி. சூட்டோடு உருண்டையைத் தூவினால் அதிலுள்ள உயிர்கள் வெந்து மடிந்துவிடும் என்பதை அவர் உயிர் என்ற சொல்லாலேயே சொன்னார், "பாக்கர் செத்துப் போகும், பாபு" என்று. பிறகு, காய்ந்த சுண்ணாம்புக்கட்டி போலிருந்த உருண்டைகளை, ஒரு கிலோ அரிசிக்கு மூன்று நான்கு என்ற அளவில் எடுத்து, அம்மியில் பொடித்து, உதிரியாய்க் கிடந்த சோற்றின்மேல் தூவி, இரு கைகளாலும் ஒவ்வொரு பருக்கையிலும் படும்படி புரட்டினார். பானை முன்னமே கழுவி, வெந்நீர் விட்டு அலசி, வைக்கோல் புகையில் கவிழ்த்து வைத்திருந்தது. அதில் சோற்றை அழுத்தாமல் இட்டு, வாயைச் சால இலையால் மூடிக் கட்டி, சமையலறையின் நிழல் மூலையில் வைத்தார். அவ்வளவுதான். அரிசி, பாக்கர், பானை, இலை, நீர். இவற்றுக்கு மேற்பட்டு ஒரு பொருளும் இல்லை. விறகைக்கூட அன்றாடச் சமையலின் அடுப்பே கொடுத்துவிடுகிறது. என் இளம் நண்பனுடைய தாளில் இருந்த தொகையின் நூற்றில் ஒரு பங்கும் அங்கே செலவாகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பானையின் அருகே காதை வைத்துக் கேட்கச் சொன்னார். மழைத்தூறல் ஓலைக்கூரையில் விழுவதுபோல் மெல்லிய ஒலி. இலையை விலக்கினால் பழுத்த வாழைப்பழத்தின் மணமும் புளித்த நீராகாரத்தின் மணமும் கலந்து எழுந்தன. சோறு தன்னையே உருக்கிக்கொண்டு அடியில் நீராய் இறங்கியிருந்தது. அதில் வேண்டுமளவு குளிர்ந்த நீரை ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, விரல்களால் அலைத்துக் கசக்கி, மூங்கில் கூடையில் இட்டுப் பிழிந்து வடித்தார். பால் கலங்கினாற்போன்ற வெண்ணிற நீர் கீழே சேர்ந்தது. முதல் தொன்னையை வாசலில் தரையில் ஊற்றி, முன்னோர்களையும் தங்கள் தெய்வமான மாராங் புருவையும் நினைத்து வணங்கிய பிறகுதான் வீட்டார்க்கு. பிழிந்த சக்கை கோழிக்கும் பன்றிக்கும் போயிற்று. எதுவும் வீணாகவில்லை.

நானும் ஒரு தொன்னை அருந்தினேன். பள்ளிப் பருவத்தில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மனப்பாடம் செய்து வளர்ந்தவன், அந்தப் பத்துக் குறளிடமும் இன்றுவரை மரியாதை குறையாதவன், அதை அருந்தினேன் என்று இந்த அவையில் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் இல்லை. முதலில் புளிப்பு, அதன் பின்னே இலேசான இனிப்பு, கடைசியில் நாவின் அடியில் வேர்களின் கசப்பு. அந்தக் கசப்பு பாக்கரில் சேர்ந்த மூலிகைகளால் வருவது. தண்ணீர்விட்டான் கிழங்கு முதலாக, காட்டிலிருந்து கொண்டுவரும் பல வேர்களையும் பட்டைகளையும் இலைகளையும் உலர்த்தி இடித்து, பச்சரிசி மாவோடு பிசைந்து, பழைய உருண்டையின் பொடியைத் தூவி, வைக்கோலில் படுக்கவைத்து, மூன்று நாள் மூடி, பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். எந்தெந்த வேர், எவ்வளவு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். அதை மாமியார் மருமகளுக்குச் சொல்வார், அயலாருக்குச் சொல்லமாட்டார். நானும் கேட்கவில்லை.

மேதினிபூரிலுள்ள வித்யாசாகர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஹாண்டியாவை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். முதலிரண்டு நாட்களில் பூஞ்சணமும் ஈஸ்டும் பெருகிப் பின்னர்த் தணிவதையும், தயிர்க்கிருமிகள் மேலோங்குவதையும் அவர்கள் கண்டார்கள். முதலில் மாச்சத்தை உடைப்பவர், பிறகு மதுவாக்குபவர், அதனோடு காவல் செய்பவர் என்று ஒரு முறைமை அந்தப் பானைக்குள் யாரும் கட்டளையிடாமலே நடைபெறுகிறது. ஐரோப்பிய பீருக்கு ஹாப்ஸ் செய்யும் காவலை இங்கே புளிப்பே செய்துவிடுகிறது. ஆகையால் ஹாப்ஸுக்கும் செலவில்லை. இரண்டொரு நாளில் குடித்துத் தீர்க்கும் பானமாகையால் புட்டியும் வேண்டாம், அடைப்பானும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். முப்பது டிகிரி வெப்பம் இங்கே பகையன்று, கூலியில்லாத வேலையாள்.

சந்தால்களின் ஆதிகதையில் இந்தப் பானத்துக்குப் பெரிய இடம் உண்டு. கோலேயன் என்ற முதிய குரு சொல்லக் கேட்டு, ஸ்க்ரெஃப்ஸ்ருட் என்ற நார்வேப் பாதிரியார் எழுதி 1887இல் வெளியான நூலில் அந்தக் கதை இருக்கிறது. முதல் மனிதர்களான பில்சு ஹாடாமுக்கும் பில்சு பூடிக்கும் ஹண்டி ஆக்கும் முறையை மாராங் புருவே கற்பித்தார். தமக்கு முதலில் படைத்துவிட்டு அருந்தச் சொன்னார். அதன் பின்னரே அவர்கள் கணவன் மனைவியாகி மனித குலம் பெருகியது. மனித குலத்தின் பிறப்போடு ஒரு பானத்தின் செய்முறையைப் பிணைத்து வைத்த மக்களுக்கு, அது போதைக்காக மட்டும் உள்ள பொருளாக இருக்க முடியாது. அறுவடைக்குப் பின் வரும் ஸோஹ்ராய் விழாவிலும், வசந்தத்தில் வரும் பாஹா விழாவிலும், கல்யாணத்திலும், இழவிலும் அது இல்லாமல் காரியம் நடப்பதில்லை.

இல்லத்தில் ஆக்கும் மதுவைச் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். 1909ஆம் ஆண்டின் வங்காள எக்ஸைஸ் சட்டம் ஹாண்டியா போன்ற அரிசி மதுவைப் பச்வாய் என்று பெயரிட்டு, பீரிலிருந்து வேறாகப் பிரித்து வரையறுத்தது. பழங்குடியினர் தம் இல்லத் தேவைக்கு இதை ஆக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு ஆங்கில ஆட்சியிலேயே இடம் விடப்பட்டிருந்தது. அதே 1909இல்தான், தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த ஏட்டுச் சுவடியிலிருந்து, சாமசாஸ்திரியார் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். அதில் சுராத்யக்ஷன், அதாவது மது அதிகாரி, என்ற அத்தியாயத்தில் கிண்வம் என்னும் நொதிப்பொருள் செய்யும் முறை உள்ளது: உளுந்து விழுது, அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அரிசி, மூலிகைச் சரக்குகள் சிறிதளவு. உளுந்தையும் அரிசியையும் இப்படிச் சேர்த்துப் பார்க்கும்போது நம் இட்லி மாவின் நினைவு வராமல் இராது. கௌடில்யர் மது வியாபாரத்தை அரசின் கைக்குள் இறுக்கிப் பிடித்தவர். ஆயினும், விசேஷ காலங்களில் குடும்பஸ்தர்கள் வெண்மதுவும், மருந்துக்காக அரிஷ்டமும் தாமே ஆக்கிக்கொள்ளலாம் என்று விதிவிலக்கும் தந்திருக்கிறார். வீட்டுப் பானையையும் விற்பனைச் சாராயத்தையும் ஒன்றாகக் கருதாத அந்த விவேகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மதுவையே அடியோடு விலக்க முற்பட்டவர்களும் உண்டு. 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அவர்களே, சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்டில் இந்த மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக இங்கே வந்து அமர்ந்தார். குடியினால் அழியும் ஏழைக் குடும்பங்களைக் கண்டு அவர் பட்ட துயரம் உண்மையானது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2011 டிசம்பரில் இந்த நகரத்துக்குத் தெற்கே சங்கிராம்பூரில் விஷச்சாராயத்தைக் குடித்து 170க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆனால் அந்த மரணங்களுக்குக் காரணம் தொழிற்சாலைகளில் புழங்கும் மெத்தனால் என்ற விஷம். லாபத்துக்காகச் சாராயத்தில் அதைக் கலந்தவர்களின் கொடுமை. சோறு நொதித்து உண்டாகும் பானத்தில் அப்படிக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் பிறக்க வழியில்லை. அந்த இரண்டையும் 'நாட்டுச்சரக்கு' என்ற ஒரே சொல்லால் ஏசும்போது, நஞ்சு விற்றவனுடைய பழியைத் தன் வீட்டு முற்றத்தில் தெய்வத்துக்குப் படைக்கும் மூதாட்டியின் தலையிலும் சுமத்துகிறோம். இது என்னை வருத்தும் விஷயம். அஸ்ஸாமில் திமாசா மக்களின் ஜுதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவாவின் பெனிக்கு அதற்கு முன்பே கிடைத்திருக்கிறது. பாக்கர் உருண்டைகளை ஊர் ஊராகத் திரட்டி, அவற்றிலுள்ள உயிர்களைப் பேணி வைக்கும் பெரிய முயற்சி ஒன்று நடக்க வேண்டும் என்பது என் மனப்பூர்வமான ஆசை. பீர்பூம் இளைஞர்கள் புட்டியில் அடைத்த மதுவுக்கு மாறிவருகிறார்கள். காட்டு வேர்களை அடையாளம் காணத் தெரிந்த கிழவிகள் குறைந்துவருகிறார்கள். ஒரு குடும்பத்தின் பாக்கர் அழிந்தால், அதற்குள் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஒரு சிறு ஜீவக்கூட்டம் அழிகிறது.

இப்போது நான் இந்தச் சொற்பொழிவின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பீர்பூமிலிருந்து திரும்பிய சில வாரங்களில், அலிப்பூரில் பெல்வடேர் வளாகத்தில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போயிருந்தேன். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்கள் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் அங்கேதான் இருக்கின்றன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வேறு ஏதோ சொல்லைத் தேடிப் பத்துப்பாட்டைப் புரட்டியவன், கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாணனுக்கு வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் விருந்தைச் சொல்லும் பகுதிக்கு வந்து நின்றுவிட்டேன். கல்லூரியில் அந்தப் பகுதியைப் படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றுதான் அது எனக்கு விளங்கியது.

புலவர் சொல்வது இது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் குழையச் சமைக்கிறார்கள். அந்தத் துழவையை வாயகன்ற பிழா என்னும் தட்டில் இட்டு ஈரம் புலர ஆற்றுகிறார்கள். பிறகு, பாம்பு உறையும் புற்றுக்குள் கிடைக்கும் குரும்பியைப் போலத் தோற்றமளிக்கும் நல்லடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்து, வலிய வாயையுடைய சாடியில் முற்ற விளைந்ததை விரலால் அலைத்து அரித்து எடுக்கிறார்கள். அந்த நறும்பிழியைச் சுட்ட மீனோடு பாணனுக்குக் கொடுக்கிறார்கள். வெந்நீர் என்ற சொல்லும் அங்கே வருகிறது. அது உடலுக்கு வெம்மை தரும் தன்மையைச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு, எனினும் தோங்பாவைப் பார்த்துவிட்டு வந்த என் மனம் டார்ஜிலிங் மூங்கில் குவளையை ஒருகணம் நினைக்கத்தான் செய்தது.

நல்லடை என்பதற்கு நெல்முளை என்று உரை கூறுவர். அது சரியாயின், ஐரோப்பியர் வாற்கோதுமையில் செய்ததை நம்மவர் நெல்லில் செய்தார்கள் என்று ஆகும். அதை மறுக்கும் புலமை எனக்கில்லை. ஆனால் அந்த உவமையை எண்ணிப் பாருங்கள். புற்றின் குரும்பி என்பது கரையான் தன் புற்றுக்குள் பூஞ்சணம் வளர்ப்பதற்காகக் கட்டும் கூடு. பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது, மேலே வெள்ளைப் பூஞ்சணப் புள்ளிகள் பூத்திருக்கும். புலவர் நல்லடையின் புறத்தைப் பூத்த புறம் என்ற கருத்துப்படச் சொல்கிறார். பூஞ்சணம் பூத்த ஒரு மாவு உருண்டையை நேரில் கண்ட மனிதர் அதற்குத் தேடக்கூடிய உவமைகளில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. வைக்கோல் படுக்கையிலிருந்து மூன்றாம் நாள் எடுத்த பாக்கரை நான் பார்த்திருக்கிறேன், அது குரும்பிதான். முளைமாவைப் பிசைந்து பூஞ்சணம் ஏறவிட்ட அடையாகவும் அது இருந்திருக்கலாம். அப்படியானால் உரையும் உவமையும் ஒன்றுக்கொன்று இசையும். அதே பாட்டில் வேறோரிடத்தில், இல்லத்திலேயே ஆக்கும் தோப்பி என்ற மதுவும் பேசப்படுகிறது. தொண்டை நாட்டுக் கரையோரமான வடசென்னையில், ஏழை மக்களிடையே சுண்டக்கஞ்சி என்ற பெயரில் சோற்றை நொதிக்கவைத்த பானம் நெடுங்காலம் புழங்கியிருக்கிறது. எந்தப் பாட்டும் பாடாவிட்டாலும் அந்தப் பானை முற்றிலும் உடைந்துவிடவில்லை.

அடுத்த மார்கழியில் மறுபடியும் அந்தச் செம்மண் வீட்டுக்குப் போனேன். திதி முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பானைக்கு வைக்கோல் போர்த்தியிருந்தது. எங்கள் நாட்டில் மிகப் பழங்காலத்தில் மீன் பிடிப்பவர்கள் இப்படித்தான் ஆக்கினார்கள் என்று சொல்லி, பாட்டில் உள்ள செய்முறையை எனக்குத் தெரிந்த வங்காளத்தில் ஒவ்வொன்றாக விவரித்தேன். சோற்றை ஆற்றுவதைச் சொன்னபோது தலையசைத்தார். குரும்பி போன்ற உருண்டையைச் சொன்னபோது சிரித்து, வீட்டுக்குள் இருந்த மருமகளை அழைத்து அவளிடம் சந்தாலியில் ஏதோ சொன்னார். விரலால் அலைத்து அரிப்பதைச் சொன்னபோது தம் வலக்கையை நீட்டிக் காட்டினார்.

"எத்தனை நாள் வைத்தார்களாம், பாபு?"

"இரண்டு பகல், இரண்டு இரவு, திதி."

அவர் வைக்கோல் போர்த்திய பானையைப் பார்த்தார்.

"இங்கே இந்தக் குளிருக்கு ஐந்து நாளாகும். இரண்டு நாளென்றால் அது வெயில் ஊர். சோற்றையும் நன்றாகக் குழைய வேகவிட்டிருப்பார்கள்."